தங்கையின் நகையும் அம்மாவுக்கான பரிபூரண பலனும்

கடிதம் எழுதியவர் ஐம்பது வயதைக் கடந்தவர். தமிழகத்தின் ஒரு சிறு நகரில் கடை வைத்திருப்பவர், பரம்பரைக் கத்தோலிக்கர். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை அவருடைய ஒப்புதலோடு மாற்றியிருக்கிறேன். 2021-இல் கடைக்கு நெருக்கடி வந்தபோது, தம் வீட்டில் இருந்த தாயாரின் பத்துப் பவுன் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்தார். மீட்க வழியில்லாமல் பிறகு விற்றும்விட்டார். அந்த நகை தங்கைக்கே சேர வேண்டும் என்று தாயார் இருவரிடமும் பலமுறை சொல்லியிருந்தார். நினைவு தடுமாறத் தொடங்கியிருந்த தாயார் கடைசிவரை நகையைப் பற்றிக் கேட்கவில்லை. 2024 நவம்பரில் அவர் இறந்த பின் தங்கை கேட்டபோது, “ஆஸ்பத்திரிச் செலவுக்காக அம்மாவே விற்கச் சொல்லிவிட்டார்” என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். தங்கை அதை நம்பினார். ஆனால் “என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அம்மா இப்படிச் செய்துவிட்டாரே” என்று இன்றும் வருந்துகிறார்.

அதன்பின் இரண்டு தவக்காலத் தியானங்களில் இவர் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் அருளடையாளத்துக்கு, போயிருக்கிறார். சிறிய குற்றங்களைச் சொல்லிவிட்டு, இதை மட்டும் தெரிந்தே மறைத்திருக்கிறார். திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணைக்குப் போகாவிட்டால் ஊரார் ஏதேனும் நினைப்பார்கள் என்ற அச்சத்தில் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கியிருக்கிறார். 2025 யூபிலி ஆண்டில் வேளாங்கண்ணிக்கும், அவ்வாண்டு நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்துக்கும் சென்று செபித்து, பரிபூரண பலனை, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்காக எஞ்சியிருக்கும் தண்டனை முழுவதையும் நீக்கத் திருச்சபை வழங்கும் அருளுதவியை, இறந்த தாயாருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார். அது தாயாருக்குக் கிடைத்திருக்குமா என்பது அவருடைய முதல் கேள்வி. வரும் நவம்பரில் எல்லாவற்றையும் முறைப்படி செய்ய என்ன நிபந்தனைகள், நகையின் மதிப்பை ஒரு திருத்தலத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் கணக்குத் தீருமா, தாயாரின் சிகிச்சைக்குத் தாம் செலவிட்டதைக் கழித்துக்கொள்ளலாமா, தங்கையின் கணவர் பங்குப் பேரவையில் இருப்பதால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமா என்றும் கேட்கிறார்.

அன்புச் சகோதரரே,

திருச்சபைச் சட்டம் பயின்ற ஒரு குருவாக உங்களுக்கு எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் பாவசங்கீர்த்தனம் ஆகாது. அதற்கு நான் எழுதும் பதிலும் பாவமன்னிப்பு ஆகாது. கடிதம், தொலைபேசி, வாட்ஸ்அப் எதன் வழியாகவும் அந்த அருளடையாளத்தை வழங்க முடியாது. நீங்கள் ஒரு குருவின் முன் நேரில் போய் முழந்தாளிட வேண்டும், அல்லது அமர வேண்டும். நான் செய்யக்கூடியது, அங்கே போகும் வழியில் உங்கள் மனத்தில் குவிந்திருக்கும் தவறான எண்ணங்களை அகற்றித் தருவது மட்டுமே.

உங்கள் கேள்விகள் பலவாக இருந்தாலும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. பரிபூரண பலன் மன்னிப்புக்குப் பிறகு வருவது. மன்னிப்பு மனத்துயரோடும் உண்மையோடும் வருவது. நீங்களோ மூன்றாவது படியிலிருந்து ஏறப் பார்க்கிறீர்கள். தாயார் மீதுள்ள பாசத்தால்தான் இப்படிச் செய்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தப் பாசத்தை நான் ஐயப்படவில்லை. அது போக வேண்டிய வழியைத்தான் காட்ட விரும்புகிறேன்.

பலன் எதை நீக்குகிறது

இன்று திருச்சபை வெளியீடுகளில் நிறைபேறு பலன் என்று எழுதப்படுவதை, உங்கள் வழக்கப்படி இங்கே பலன் என்றே குறிப்பிடுகிறேன். அது பாவத்தை மன்னிப்பதன்று. ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்தின் விளைவாக எஞ்சியிருக்கும் காலத்துக்குரிய தண்டனையைக் கடவுள் முன்னிலையில் நீக்குவதே பலன். திருச்சபைச் சட்டத்தின் 992-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. காலத்துக்குரிய தண்டனை என்றதும் கடவுள் பழிவாங்குவதாக எண்ணிவிடாதீர்கள். ஒருவர் பொய் சொல்கிறார், மன்னிப்பும் பெற்றுவிடுகிறார் என்று வையுங்கள். அந்தப் பொய்யை நான்கைந்து ஆண்டுகள் காப்பாற்றிப் பழகிய மனம் அன்றே நேராகிவிடுவதில்லை. பணத்தின் மீதும் நற்பெயரின் மீதும் வைத்த முறையற்ற பற்று உள்ளே வேர்விட்டிருக்கும். அந்த வேர் களையப்பட்டு மனம் தூய்மையாவது இம்மையிலோ, மறுமையில் விண்ணகம் சேருமுன் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற நிலையிலோ நடந்தாக வேண்டும். அந்தத் தூய்மைக்குக் கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுபலன்களின் துணையைத் திருச்சபை வழங்குவதுதான் பலன்.

பரிபூரண பலன் அந்தத் தண்டனை முழுவதையும் நீக்குகிறது; பகுதிப் பலன் ஒரு பகுதியை நீக்குகிறது. உங்கள் தாயாரின் பழைய செபப் புத்தகத்தில் சில மன்றாட்டுகளின் கீழே ‘300 நாள் பலன்’ என்றிருப்பதைப் பார்த்து, அத்தனை நாள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் குறையும் என்று கூட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பலரும் அப்படித்தான் நம்பி வந்தார்கள். ஆனால் அந்த நாள்கள் மறுமையின் நாள்கள் அல்ல. தொடக்கத் திருச்சபையில் பெரும் பாவங்களுக்கு நாள்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பகிரங்கத் தவம் விதிக்கப்பட்டது. அவ்வளவு நாள் தவத்துக்கு ஈடான பலன் என்பதே அந்தக் கணக்கின் பொருள். 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பலன்களுக்கான விதிகளைச் சீரமைத்தபோது நாள், ஆண்டு என்ற அளவையே எடுத்துவிட்டார். ஆகவே உங்கள் நோட்டில் எழுதிவரும் கூட்டல் கணக்கை நிறுத்திவிடலாம்.

சென்ற ஆண்டு ஒப்புக்கொடுத்தது

பலனைப் பெறுகிறவர் திருமுழுக்குப் பெற்றவராக, திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படாதவராக இருக்க வேண்டும். குறிக்கப்பட்ட செயல்களை முடிக்கும் வேளையிலாவது அருள்நிலையில், அதாவது மன்னிக்கப்படாத கனமான பாவம் இல்லாத நிலையில், இருக்க வேண்டும் என்கிறது 996-ஆம் பிரிவு. சாவான பாவம், அதாவது இறையுறவை முறிக்கும் கனமான பாவம், என்று நீங்களே அறிந்த ஒன்றை மறைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்யும் எண்ணமும் இல்லாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் வேளாங்கண்ணியிலும் கல்லறைத் தோட்டத்திலும் நீங்கள் தேடிய பரிபூரண பலனைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எழுத எனக்கு வருத்தம்தான். ஆனால் ஆறுதலுக்காக வேறொன்றைச் சொல்வது உங்களுக்குச் செய்யும் நன்மையாகாது.

அதனால் தாயாருக்கு நீங்கள் கெடுதல் செய்துவிட்டதாக வேதனைப்படுகிறீர்கள். அந்த எண்ணம் தவறு. இறந்தவர்களுக்குப் பலனை ஒப்புக்கொடுப்பது மன்றாட்டு முறையில்தான். ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றுவது போன்றதல்ல அது. உங்கள் தாயார் இறைவனின் கையில் இருக்கிறார். மகனுடைய ஒரு தவறான நோட்டுக் கணக்கினால் அவருடைய நிலை மோசமாகிவிடாது. அவருக்காக நிறைவேற்றப்பட்ட திருப்பலிகள், அவற்றைக் கேட்டுக்கொண்டவரின் தகுதியால் நிற்பவையல்ல. உங்கள் தங்கையும் உறவினர்களும் செய்த செபங்களும் இருக்கின்றன. நீங்கள் வழியெல்லாம் செபித்துக்கொண்டு போனதும் இறைவனுக்குத் தெரியாமல் போகவில்லை. இன்று இந்தக் கடிதத்தை எழுதும் துணிவு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயுற்றிருக்கும் சித்தப்பாவுக்காகவும் பலன் பெறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கும் இன்னொருவருக்குப் பலனை ஒப்புக்கொடுக்க முடியாது. தமக்காகவோ இறந்தவர்களுக்காகவோ மட்டுமே பெறலாம். சித்தப்பாவுக்காகச் செபியுங்கள், நோயாளிகளுக்கான அருளடையாளமாகிய நோயில்பூசுதல் பெற்றுவிட்டாரா என்று கேட்டு, இல்லையென்றால் பங்குத்தந்தையை வீட்டுக்கு அழையுங்கள்.

மறந்ததும் மறைத்ததும்

ஒரு பாவத்தை உண்மையாகவே மறந்துவிட்டால், செய்த பாவசங்கீர்த்தனம் செல்லும். மறந்த பாவமும் மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது, பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். ஆனால் கனமான பாவம் என்று தெரிந்தும் வெட்கத்தால் விட்டுவிடும்போது அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாமல் போகிறது. அதே வேளையில் சொன்ன மற்றக் கனமான பாவங்களும் மன்னிப்புப் பெறாமல் நிற்கின்றன. அந்த நிலையில் வாங்கிய நற்கருணையையும் குருவிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. “இத்தனை ஆண்டுகளாக ஏறக்குறைய எல்லா ஞாயிறும்” என்று சொன்னால் குரு புரிந்துகொள்வார். எந்தப் பாவம், எத்தனை முறை என்று நினைவுக்கு எட்டியவரை சொல்லச் சட்டம் கேட்கிறது. கதையாக விரித்துச் சொல்ல அது கேட்கவில்லை.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். “சாமி, 2021-க்குப் பிறகு நான் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. இரண்டு முறை ஒரு பெரிய பாவத்தை மறைத்துவிட்டேன். எனக்கு உதவி செய்யுங்கள்” என்று தொடங்குங்கள். மற்றவற்றை அவரே கேட்டு வழிநடத்துவார். ஞானோபதேச வகுப்பில் படித்த ஐந்து காரியங்கள், அதாவது ஆன்மசோதனை, மனத்துயர், இனிச் செய்யாதிருக்கப் பிரதிக்கினை, பாவங்களை அறிக்கையிடுதல், பரிகாரம் தீர்த்தல் ஆகியவை, உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் உங்கள் சொந்தச் சொற்களில் மனத்துயரைச் சொல்லலாம். தகுந்த மனநிலையோடு வந்து மன்னிப்புக் கேட்கிறவருக்கு அதை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று சட்டம் குருவைக் கட்டுப்படுத்துகிறது.

அதுவரை நற்கருணைக்குப் போகாதீர்கள். சாவான பாவத்தில் இருப்பதை அறிந்தவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக் கூடாது என்கிறது 916-ஆம் பிரிவு. தவிர்க்க முடியாத கனமான காரணம் இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வாய்ப்பும் இல்லாதபோது மட்டும், கடவுள் மீதுள்ள அன்பால் எழும் உத்தம மனத்துயரோடும் விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடும் வாங்கலாம். ஊரார் பார்ப்பார்கள் என்பது அந்தக் காரணமாகாது. தாயாரின் அடக்கத் திருப்பலியில் உங்களுக்கு இருந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அது ஒரு நாள் நடந்தது, நீங்கள் எழுதுவதோ இத்தனை ஆண்டு ஞாயிறுகளைப் பற்றி. திருப்பலிக்குத் தவறாமல் போங்கள். மற்றவர்கள் வரிசையில் செல்லும்போது இருக்கையில் இருந்தபடி ஆவிக்குரிய முறையில் ஆண்டவரை உள்ளே அழைத்துச் செபியுங்கள். ஒருவர் நற்கருணைக்குப் போகாததற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். நற்கருணைக்கு முன் கடைப்பிடிக்க வேண்டிய ஒரு மணி நேர உண்ணாநோன்பு தவறியதுகூட அவற்றுள் ஒன்று.

வெளியே தெரிந்துவிடுமா

தெரியாது. பாவசங்கீர்த்தன இரகசியம் மீறப்பட முடியாதது. சொல்லாலோ சைகையாலோ எந்தக் காரணத்துக்காகவோ குரு அதை வெளிப்படுத்தக் கூடாது. நேரடியாக மீறுகிற குரு அந்தச் செயலாலேயே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார். பலருக்குத் தெரியாத இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வெளியே சொல்லும் ஆபத்து சிறிதும் இல்லாத நிலையிலும், பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை அதைச் செய்தவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்தக் கூடாது என்கிறது 984-ஆம் பிரிவு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அந்த அறிவை வைத்து நிர்வாகம் செய்யவும் கூடாது. அதனால் உங்கள் மைத்துனர் பங்குப் பேரவையில் இருப்பது எந்த வகையிலும் இதைத் தொடாது.

இருந்தும் தினமும் முகம் பார்க்கும் பங்குத்தந்தையிடம் சொல்ல மனம் கூசலாம். அது இயல்பு. விரும்பிய குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் உரிமை ஒவ்வொரு விசுவாசிக்கும் இருக்கிறது. பக்கத்துப் பங்குக்கோ, உங்களை யாரும் அறியாத ஒரு திருத்தலத்துக்கோ போகலாம். முகம் தெரியாதபடி தட்டிக்குப் பின்னாலிருந்து சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. என் பரிந்துரை: கூட்டம் நெருக்கும் திருவிழா நாளில் போகாதீர்கள். ஒரு சாதாரண வார நாளில், முன்கூட்டி நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட முடியாது.

தங்கைக்குச் சேர வேண்டியது

நீங்கள் அவ்வளவாகக் கேட்காததும், நான் அதிகம் சொல்ல வேண்டியதும் இதுதான். பாவமன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமையை அது நீக்குவதில்லை. பரிபூரண பலனும் நீக்குவதில்லை. திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஒருவர் சொல்லும் மனத்துயர் உண்மையான மனத்துயர் ஆகாது. ஆண்டவர் தம் வீட்டுக்கு வந்த அன்றே, யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார் நற்செய்தியில் வரும் வரிதண்டுபவர் சக்கேயு. உங்களிடம் யாரும் நான்கு மடங்கு கேட்கவில்லை.

நகையின் மதிப்பைத் திருத்தலத்துக்குக் கொடுத்தால் கணக்குத் தீராது. பறிகொடுத்தவர் யார் என்று தெரியாதபோது, அல்லது அவரையும் அவருடைய வாரிசுகளையும் கண்டுபிடிக்கவே முடியாதபோதுதான் அந்தப் பணத்தை ஏழைகளுக்கோ அறச்செயலுக்கோ கொடுக்கலாம். உங்கள் தங்கை நான்கு தெரு தள்ளி இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பொருளை எடுத்து மாதாவுக்குக் கொடுத்தால், அது காணிக்கையாகாது. பலனுக்கும் பணத்துக்கும் தொடர்பு இல்லை என்பதைத் திருச்சபை மிகுந்த வேதனையோடு கற்றுக்கொண்டது. உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்ட நிதி திரட்டப்பட்டபோது, ஜெர்மனியில் பலன்கள் விற்பனைச் சரக்கைப் போலப் பரப்பப்பட்டன. 1517-இல் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் எதிர்ப்பு அங்கிருந்துதான் எழுந்தது. 1563-இல் ஆயர்களின் பேரவையான திரிதெந்தினோ பொதுச்சங்கம் பலன்களின் நன்மையை உறுதிப்படுத்திய அதே ஆணையில், அவற்றைப் பெற்றுத்தருவதற்கு ஈடாக வாங்கப்படும் கெட்ட ஆதாயங்களை அடியோடு ஒழிக்கச் சொன்னது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் கட்டணம் சேர்ந்த பலன்கள் அனைத்தையும் நீக்கினார். இன்று எவரேனும் உங்களிடம் தொகை சொல்லிப் பலன் பெற்றுத்தருவதாகக் கூறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி எவ்வளவு, எப்படி என்பது. அன்று விற்ற தொகையைக் கொடுத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது என்பது என் கருத்து. தங்கை இழந்தது 2021-இன் ரூபாயை அல்ல, பத்துப் பவுன் தங்கத்தை. நீங்கள் எடுத்திராவிட்டால் இன்று அவர் கையில் பத்துப் பவுன் இருந்திருக்கும். ஆகவே எடைக்கு எடை என்பதையே அளவாகக் கொள்ளுங்கள். கடை வருமானத்தில் ஒரே முறையில் முடியாது என்றால் மன்னிப்புக்கு அது தடையில்லை; முடிந்த அளவு, முடிந்த விரைவில், தவணையாகக் கொடுக்கும் உறுதியே கேட்கப்படுகிறது. உங்கள் குடும்பத்தைப் பட்டினி போட்டுக் கொடுக்கச் சொல்லி எந்தக் குருவும் கட்டாயப்படுத்தமாட்டார்.

சிகிச்சைச் செலவைக் கழிப்பது பற்றி: தாயாருக்கு நீங்கள் செலவு செய்தது உண்மையாக இருக்கலாம், தங்கையும் அதில் பங்கேற்றிருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் நியாயமும் இருக்கலாம். ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருந்து இரகசியமாகக் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. முழுக்கணக்கையும் அவர் முன் வைத்து, “இவ்வளவு செலவானது, நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கலாம். அவர் மனமார ஒப்புக்கொண்டால் அந்த அளவு குறையும். உண்மையைச் சொல்லாமல் பெற்ற ஒப்புதல் ஒப்புதலாகாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஒரு கைம்பெண்ணின் சொத்து மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சேரும். அப்படியானால் எனக்கும் அதில் பாதி உண்டே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நீங்கள் நகையை எடுத்தது தாயார் உயிரோடு இருந்தபோது. அது யாருக்கு என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். நீதிமன்றத்தில் எது எடுபடும் என்பதை ஒரு வழக்கறிஞர் சொல்லட்டும். மனச்சாட்சியின் முன் அந்தப் பாதியைக் கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை என்பதே என் எண்ணம்.

யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாமல் பணத்தை மட்டும் சேர்ப்பித்துவிடலாமா? பொதுவாக ஈடு செய்கிறவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு குரு வழியாகக்கூடப் பெயர் தெரியாமல் சேர்க்கலாம். ஆனால் உங்கள் விஷயம் பணத்தோடு நிற்கவில்லை. “அம்மாவே விற்கச் சொன்னார்” என்று நீங்கள் சொன்ன ஒரு சொல் இறந்துபோன தாயார் மீது இருக்கிறது. கொடுத்த வாக்கை அம்மா மீறிவிட்டார், தன்னிடம் மறைத்துவிட்டார் என்று ஒரு மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள். எந்தத் தாயாரின் ஆன்மாவுக்காகக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினீர்களோ, அவருடைய நல்ல பெயரை அவருடைய மகளிடமே நீங்கள் கெடுத்துவைத்திருக்கிறீர்கள். உண்மைக்கு எதிரான குற்றத்துக்கும் ஈடு செய்யும் கடமை உண்டு என்பது திருச்சபையின் போதனை. பெயர் சொல்லாத ஓர் உறையில் பணம் போனால் நகைக்கு ஈடாகும்; தாயாருக்குச் செய்ததற்கு ஈடாகாது. அதனால்தான் உங்கள் வாயாலேயே தங்கையிடம் சொல்லுங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்காக நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றிலும் இதையே முதலாவதாக வைப்பேன்.

இதில் ஆபத்துகள் இருக்கின்றன. தங்கை கோபப்படலாம், சில காலம் பேசாமல் இருக்கலாம், மைத்துனர் ஊரைக் கூட்டலாம். இந்த ஆபத்துகளை எடைபோட்டு எப்போது, எந்தச் சூழலில் சொல்வது என்று உங்கள் குருவோடு பேசி முடிவு செய்யுங்கள். தங்கையிடம் தனியாகப் பேசுவதும், முதல் தவணையைக் கையில் கொண்டுபோவதும், மீதியை எப்போது தருவீர்கள் என்று எழுதிக் கொடுப்பதும் நல்லது. கடன் என்ன என்று உங்கள் மனைவிக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தங்கை மன்னிக்க மறுத்தாலும் கடவுளின் மன்னிப்பு நின்றுவிடாது. ஆனால் அவர் மன்னித்தே ஆக வேண்டும் என்று பரிபூரண பலனைக் காரணம் காட்டி அவரை நெருக்காதீர்கள்.

வரும் நவம்பரில்

நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலும் பக்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, மனத்திற்குள்ளாவது இறந்தவர்களுக்காகச் செபிப்பவர்கள் இறந்தவர்களுக்கு மட்டும் உரிய பரிபூரண பலனைப் பெறலாம். கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று ஏதேனும் ஓர் ஆலயத்தைச் சந்தித்து, பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்பவர்களுக்கும் அதே பலன் உண்டு. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் கூட்டத்தைத் தவிர்க்க இது நவம்பர் மாதம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டை வழக்கமான விதியாக எண்ண வேண்டாம்.

இந்தச் செயலோடு சேர வேண்டிய வழக்கமான நிபந்தனைகள் மூன்று: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபித்தல். கடைசியானதற்கு ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் போதும். வேறு செபமும் சொல்லலாம். ஒரே பாவசங்கீர்த்தனம் பல பரிபூரண பலன்களுக்குப் போதுமானது. ஆனால் ஒவ்வொரு பலனுக்கும் தனித்தனி நற்கருணையும் தனித்தனிச் செபமும் வேண்டும். ஒரு நாளில் ஒரு பரிபூரண பலனே பெறலாம். மரணவேளையில் மட்டும் இரண்டாவது உண்டு. பாவசங்கீர்த்தனம் எட்டு நாளுக்குள் இருக்க வேண்டும் என்று உங்கள் உபதேசியார் சொன்னது பழைய விதி. 2000 யூபிலியின்போது திருப்பீடம் (வத்திக்கான்) தந்த விளக்கப்படி, செயலுக்கு முன்போ பின்போ சுமார் இருபது நாள் வரை இருக்கலாம். நற்கருணையையும் செபத்தையும் அதே நாளில் நிறைவேற்றுவது தகும். ஆகவே அக்டோபர் இறுதியில் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால், எட்டு நாளும் காலைத் திருப்பலிக்கும் கல்லறைக்கும் போய்க் கடையைத் திறக்கலாம்.

இவற்றோடு சேர்ந்த ஒன்றைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவத்தின் மீதும் பற்று இருக்கக் கூடாது. இனி ஒருபோதும் தவறமாட்டோம் என்ற உறுதிச்சீட்டை யாரும் கேட்கவில்லை. ஒரு பாவத்தை மட்டும் விடமாட்டேன் என்று மனம் பிடித்துவைத்திருக்கும் நிலைதான் பற்று. நகையைத் திருப்புகிறேன், பொய்யை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன் என்று உங்கள் மனம் சொன்னால் அது பற்றுதான். இந்த மனநிலையோ, மற்ற மூன்றில் ஒன்றோ குறைந்துபோனால் கிடைப்பது பகுதிப் பலன், அதையும் இகழாதீர்கள்.

நவம்பர் கடந்துவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. நற்கருணை முன் அரைமணி நேர ஆராதனை, ஆலயத்திலோ குடும்பமாகச் சேர்ந்தோ சொல்லும் செபமாலை, சிலுவைப்பாதை, அரைமணி நேர விவிலிய வாசிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் இதே நிபந்தனைகளோடு பரிபூரண பலன் உண்டு. 1962-இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட வேளாங்கண்ணிக்கும் நீங்கள் விரும்பும் ஏதேனும் ஒரு நாளில், ஆண்டுக்கு ஒரு முறை இதற்காகப் போகலாம். அதனால் தேதிக்குப் பயந்து தங்கையிடம் அவசரமாகப் பேசிவிடவும் வேண்டாம், தேதி தவறிவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம்.

தாயாரின் இரண்டாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு, இந்தக் குழப்பம் தீரும்வரை கருத்துக் கொடுக்காமல் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கத் தேவையில்லை. இறந்த ஆன்மாக்களுக்குச் செய்யும் உதவிகளில் திருப்பலியே முதன்மையானது. திருப்பலிக் கருத்துக் கொடுக்க நீங்கள் முன்பே பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இந்த வாரமே பங்கு அலுவலகத்தில் அவருடைய பெயரை எழுதிக் கொடுங்கள். திருப்பலி நாளைத் தங்கைக்கும் சொல்லுங்கள்.